பெயர் போடாத சுற்றறிக்கை

நாலு பேர் சேர்ந்து சம்பளமில்லாமல் ஒரு விழா நடத்துகிறார்கள் என்றால் ஐந்தாவதாக ஒருவன் கட்டாயம் வேண்டும், எது நடந்தாலும் திட்டுவதற்கு. அந்த ஐந்தாவது ஆளாக நான் நாலு மாதம் குப்பை கொட்டியிருக்கிறேன். அபார்ட்மெண்டில் பார்க்கிங் சண்டையைத் தீர்க்கப் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் "வரிசையில வாங்க" என்று சொல்லி முறைப்பு வாங்கியவர்கள், கல்யாணத்தில் பந்தி விசாரிக்க நிறுத்தப்பட்டவர்கள் எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே ரகம்.

எனக்குச் சோறு போட்டது ஹைதராபாத் ஓரம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. அங்கே நான் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடாதவனைப் பிடிப்பது, தீயணைப்பு சிலிண்டருக்குத் தேதி பார்ப்பது, யாருக்காவது அடிபட்டால் நாலு பக்கப் படிவம் நிரப்புவது, இதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் செகந்திராபாத்தில் எங்கள் தமிழ் வட்டம். ஹைதராபாத்தில் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. ரயிலுக்கு ரயில் நம் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இறங்கினார்கள். அவர்களும், நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பங்களும் சேர்ந்து பொங்கல், சித்திரை விழா, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு என்று நடத்திக்கொண்டிருந்தோம்.

பதவி தேடி வந்த கதை

அன்றைக்கு யாருக்கு என்ன பொறுப்பு என்று பிரிக்கிற கூட்டம். நான் உள்ளே போயிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் வாசலில் வண்டிகளைத் தாறுமாறாக நிறுத்தியிருந்தார்கள். அவசரத்துக்கு ஒரு ஆம்புலன்ஸ் வந்தால் எப்படி நுழையும்? எனக்கு இதையெல்லாம் பார்த்தால் கை சும்மா இருக்காது. பதினெட்டு பைக்கையும் இழுத்து வரிசையாக நிறுத்திவிட்டு, சட்டையெல்லாம் கிரீஸாக உள்ளே வந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். பைக்குக்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்துக் கும்பிடு வேறு போட்டேன்.

விஷயம் வேறு. விழாக்களில் யாருக்காவது ஏதாவது தொந்தரவு என்றால் கேட்டுச் சரி செய்ய ஒரு ஆள் வேண்டுமாம். யாரும் கை தூக்கவில்லை. "நம்ம சேஃப்டி சார் வெளிய இருக்காரே" என்று எவனோ சொல்ல, என் தலையில் கட்டிவிட்டார்கள். செயலாளர் வரதன் சார், ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஆமாம் என்பதற்கு ஹவ் என்பார், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பார். "சார், ஃபேக்டரி சேஃப்டி வேற, இது வேற" என்று நான் இழுத்தேன். அவர் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "ஹவ் சார், வேறதான். அங்க மெஷினு, இங்க நம்ம பசங்க. எல்லாம் நல்ல பசங்க சார், ஒரு கம்ப்ளெயிண்ட்டும் வராது."

பொங்கலுக்குப் போட்ட கயிறு

பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் பொங்கல் வைத்தோம். பட்டுப்புடவை, திறந்த அடுப்பு, சுற்றிலும் குழந்தைகள். தொழிற்சாலையிலிருந்து மஞ்சள் கறுப்பு நாடா கொண்டுவந்து அடுப்பைச் சுற்றி மூன்று மீட்டர் தள்ளிக் கட்டினேன். நாலு பக்கமும் மணல் வாளி. "கோட்டைத் தாண்டி யாரும் வரக்கூடாது" என்று விசிலும் ஊதினேன்.

பானை பொங்கியது. குலவை போடத் தயாராக இருந்த பெண்கள் எல்லாரும் நாடாவுக்கு வெளியே நின்றார்கள். தீயைக் குறைக்க வேண்டியவளும் வெளியே நின்றாள். "உள்ள விடுங்க சார்" என்று அவள் கத்த, "முதல்ல முந்தானையைச் செருகும்மா" என்று நான் கத்த, பானை அது பாட்டுக்கு அடிப்பிடித்தது. அன்றைக்கு முந்நூறு பேர் கருகல் வாசனையோடு பொங்கல் சாப்பிட்டார்கள். வெளியே நிறுத்தப்பட்டவள் பவானி, கோவில்பட்டிப் பெண். மாதாப்பூரில் வேலை, அமீர்பேட்டில் ஹாஸ்டல், ஞாயிறு தமிழ் வகுப்பு அவள்தான் எடுப்பாள். இலையில் கரியைச் சுரண்டிப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். "பொங்கலோ பொங்கல்னு ஓடிவர்றவங்கள விசிலடிச்சு நிறுத்துன மொத ஆளு நீங்கதான் சார்."

பெட்டி வைத்த இடம்

அடுத்து புகார்ப் பெட்டி. பழைய முதலுதவிப் பெட்டிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பூணூல் மாதிரி சட்டைக்குள் மாட்டிக்கொண்டேன். எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்று வரவேற்பு மேஜை மேலேயே வைத்தேன். அந்த மேஜையில் எப்போதும் ரகு இருப்பான். ரகுவைத் தெரியாதவர்கள் வட்டத்தில் கிடையாது. மைக் பிடித்தால் கூட்டம் அவன் கையில். சொந்தமாக ஸ்பீக்கர் செட்டு, வெள்ளைக் கார். ஒத்திகை முடிந்ததும் பெண்களை ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுகிற பொறுப்பும் அவனுடையது. பெட்டியில் சீட்டுப் போடுகிறவர்கள் ரகுவின் மூக்குக்கு முன்னால் நின்றுதான் போட வேண்டும். இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்துத் திறந்தேன். சாம்பாரில் உப்பில்லை என்று நாலு. சிறப்புப் பேச்சாளர் மைக்கை விடமாட்டேன் என்கிறார் என்று ஏழு. சாக்லேட் காகிதம் மூன்று. அப்புறம் கோடு போட்ட நோட்டுத்தாளில் இங்கிலீஷில் ஒரு முறையான புகார்: என் அம்மா என்னைக் கட்டாயப்படுத்தித் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறார், தக்க நடவடிக்கை எடுக்கவும். எழுதியவன் மூன்றாம் வகுப்பு. கூப்பிட்டுத் தமிழில் அரை மணி நேரம் புத்தி சொன்னேன். அத்தனையும் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு, நீங்கள்தானே சேஃப்டி, என்னைக் காப்பாற்றுங்கள் என்று தெலுங்கில் கையெடுத்துக் கும்பிட்டான். "அங்கிள், மீரு சேஃப்டி கதா? நன்னு காப்பாடண்டி!"

நாலு பக்கப் படிவம்

சிரித்தது போதும். மார்ச் மாதம், சித்திரை விழா ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு காலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு பவானி என்னிடம் வந்தாள். "சார், பெட்டியில போட முடியாது. அதான் நேர்ல சொல்றேன்" என்றாள்.

ரகு ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் மூன்று பெண்களைக் காரில் ஏற்றுவான். வழியிலேயே இருக்கிற அமீர்பேட்டைத் தாண்டிக் குகட்பள்ளி போய் மற்ற இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, அப்புறம்தான் பவானியை விடத் திரும்பி வருவான். ஒரு மாதமாக இப்படித்தான். கூடவே மெசேஜ்கள். முந்தின நாள் சாயங்காலம் எர்ரகட்டா பக்கம் வண்டியை ஓரம் கட்டிக் கையைப் பிடித்திருக்கிறான். விடு என்றால் விடவில்லை. உதறிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஹாஸ்டல் போயிருக்கிறாள். இதைச் சொல்லும்போது கையிலிருந்த சாக்பீஸைத் துண்டு துண்டாக ஒடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ரெண்டே விஷயம் சார். அவன் வண்டியில இனி எந்தப் பொண்ணையும் ஏத்தக்கூடாது. இது எங்க வீட்டுக்குத் தெரியக்கூடாது. சித்தப்பா பையன் கார்த்தி இங்க இருக்கான்னுதான் அப்பா என்னை அனுப்பவே சம்மதிச்சார். தெரிஞ்சா மறுநாளே வேலைய விட்டுட்டு வான்னுருவார். நான் ரெண்டு வருசம் சண்ட போட்டு வந்த வேல சார் இது."

இவ்வளவு தெளிவாக ஒருத்தி கேட்கிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? சரிம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பையைத் திறந்து தொழிற்சாலையின் விபத்துப் படிவத்தை எடுத்தேன். பத்தொன்பது வருஷமாக யார் வந்து என்ன சொன்னாலும் என் கை அந்தப் படிவத்துக்குத்தான் போகும். பேனா மூடியைக் கழற்றி வரிசையாகக் கேட்டேன். காயத்தின் தன்மை? சம்பவத்தின்போது அந்த இடத்தில் இருக்க அனுமதி பெற்றிருந்தாரா? அணிந்திருந்தது என்ன? சம்பவத்தைத் தவிர்க்கப் பாதிக்கப்பட்டவர் என்ன செய்திருக்கலாம்? கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. எனக்கு நாலாவது பக்கம்வரை அது தெரியவில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் எழுந்து நின்றாள். "சார், எனக்கு ஆக்சிடெண்ட் ஆகல. ஒரு ஆளு என் கையப் பிடிச்சான்."

நடுநிலையான விசாரணை

இரண்டு பக்கமும் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்பது என் கொள்கை. கொள்கைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒரு இரானி ஓட்டலுக்கு ரகுவை வரச்சொன்னேன். பவானி பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். "யாரு, பவானியா சார்? தங்கச்சி மாதிரி சார் அது" என்றான் அவனாகவே. ஆபீஸ் டென்ஷன், சின்னப் பெண், எதையோ எப்படியோ எடுத்துக்கொண்டது என்று அடுக்கினான். எனக்கு உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்துக் கொடுக்காத குறை. அவ்வளவு மரியாதை. அரை மணி நேரத்தில் நான்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

வெளியே வந்தால் என் ஸ்கூட்டர் பஞ்சர். "ஏறுங்க சார், சிந்தல் பக்கம்தானே உங்க வீடு?" என்றான். ஏறிவிட்டேன். ஏசி குளுகுளுவென்று இருந்தது. தெருமுனையில் என் மனைவி சாந்தி காய்கறி வாங்கிக்கொண்டு நின்றாள். ஒரு பெண் கொடுத்த புகாரை விசாரிக்கப் போகிறேன் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன், யார் பெயரும் சொல்லவில்லை. வெள்ளைக் கார் என்னை இறக்கிவிட்டுக் கையசைத்துப் போவதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "இவனத்தான் விசாரிக்கப் போனீங்களா? நல்லா இருக்குங்க உங்க விசாரணை, வீட்டு வாசல்வரைக்கும் வந்து விட்டுட்டுப் போறான்."

மெயில்

இப்போது நான் செய்ததைச் சொல்லப்போகிறேன். நீங்கள் திட்டலாம், நான் தயாராக இருக்கிறேன்.

சாந்தி சொன்னது சுருக்கென்று தைத்தது. உடனே ஏதாவது உருப்படியாகச் செய்தாக வேண்டும் என்று வேகம் வந்துவிட்டது. தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. எங்கே என்ன நடந்தாலும், மறுநாள் எல்லாப் பிரிவுக்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கை போகும். அடிபட்டவர் பெயர் இருக்காது. ஆனால் எந்தப் பிரிவு, என்ன வயது, எந்த ஷிப்ட் என்று எல்லாம் இருக்கும். அப்போதுதான் மற்றவர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். அதையே இங்கும் செய்தேன். திங்கட்கிழமை காலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, வட்டத்தின் குழு மெயிலுக்கு அனுப்பினேன். அறுபது பேர் இருக்கிற குழு.

சம்பவம்: ஒழுங்கு மீறல். இடம்: ஒத்திகை முடிந்து திரும்பும் வழி, எர்ரகட்டா. பாதிக்கப்பட்டவர்: பெண், தன்னார்வலர், வயது 24, சொந்த ஊர் கோவில்பட்டி, தங்குமிடம் அமீர்பேட் விடுதி. வாகனம்: வெள்ளை நிறக் கார். கற்றுக்கொண்ட பாடம்: பெண்கள் முன் இருக்கையில் அமர்வதைத் தவிர்க்கவும்.

பெயர் இல்லை பாருங்கள். அனுப்பிவிட்டுப் பெருமையாக டீ குடித்தேன். வழக்கமாக வட்டத்துத் தமிழ் மெயில் பாதிப் பேருக்கு எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அன்றைக்குப் பார்த்து எல்லாருக்கும் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. டீ டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் போன். பவானியின் சித்தப்பா மகன் கார்த்தி. அவனும் குழுவில் இருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கே பெரியப்பாவுக்குப் போன் செய்யப்போகிறேன் என்றான். "பேர்தான் போடலியேப்பா" என்றேன். "சார், இந்த வட்டத்துல கோவில்பட்டிக்காரங்க நானும் எங்க அக்காவும் மட்டும்தான் சார். நான் பொண்ணு இல்ல."

டீக்கடையில் நின்றது

அரை நாள் லீவு போட்டு, பவானிக்கு வருகிறேன் என்று ஒரு போன் போட்டுவிட்டு, பஞ்சர் ஒட்டிய ஸ்கூட்டரை மாதாப்பூருக்கு விரட்டினேன். பாதி வழியில்தான் கவனித்தேன், ஹெல்மெட் போடவில்லை. சர்வீஸில் முதல் முறை. வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன். அவள் கேட்டது இரண்டே விஷயம். ஒன்றைச் செய்யவில்லை, இன்னொன்றை நானே கெடுத்துவிட்டேன். ஒரு பெண்ணின் வேலை, அவள் இரண்டு வருஷம் போராடி வாங்கியது, என் ஒரு பக்க மெயிலில் போய்விடும். அழுகை வந்தது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அவள் ஆபீஸுக்குப் பின்னால் டீக்கடை. பவானி கண் சிவந்து நின்றாள். நான் கும்பிட்டேன். "தப்புப் பண்ணிட்டேம்மா. இப்ப நான் என்ன செய்யணும்?" இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். "ஒண்ணும் செய்யாதீங்க. கார்த்தி வாரான். நான் பேசிக்கிடுதேன். நீங்க சும்மா கூட நில்லுங்க" என்றாள். சும்மா நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் கேஸ் சிலிண்டர் படுத்துக் கிடந்தது, அதைக்கூட நிமிர்த்தாமல் நின்றேன்.

கார்த்தி வந்ததும் குதித்தான். குடும்ப மானம், பெரியப்பா என்னைத்தானே கேட்பார் என்றெல்லாம் கத்தினான். பவானி அவனை முழுசாகக் கத்தவிட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "சரி, அப்பாட்ட பேசலாம். நீ வேண்டாம், இன்னைக்குச் சாயங்காலம் நானே பேசுதேன். எல்லாத்தையும் சொல்லுதேன். ஒத்திகை முடிஞ்சு என்னைக் கூட்டிட்டுப் போக வேண்டியது யாரு, சினிமாவுக்கு நேரமாச்சுன்னு அந்தாள் வண்டியில என்னை ஏத்திவிட்டுட்டுப் போனது யாரு, அதையும் சேத்துத்தான்." கார்த்தி முகத்தில் ஈயாடவில்லை. ஹைதராபாத் வந்த நாளிலிருந்து அக்காவுக்குத் துணை என்று ஊரில் பெயர் வாங்கிக்கொண்டிருந்தவன், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே முனகினான். "யக்கா, அத மட்டும் பெரியப்பாட்ட சொல்லிராத."

மெஷினை நிறுத்துவது எப்படி

அந்த வாரமே அவசரக் கூட்டம். வரதன் சார், நான், இன்னும் நாலு பேர். என் மெயிலுக்காக எல்லாரும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். வாங்கிக்கொண்டேன். அது முடிந்ததும் வரதன் சார் தொண்டையைச் செருமினார். விழாவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, ரகுவைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். "நக்கோ சார், பெருசு பண்ணாதீங்க. அந்தப் பொண்ணையே ரெண்டு மாசம் வராம இருக்கச் சொல்லுவோம். எல்லாம் ஆறிப்போயிடும்."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்றேன். "வரதன் சார், எனக்கு இந்த விஷயத்துல ஒண்ணுமே தெரியாது, அதை இந்த வாரம் ஊருக்கே நிரூபிச்சுட்டேன். ஆனா ஒண்ணு தெரியும். ஃபேக்டரியில ஒரு மெஷின் கையைக் கடிச்சா, மெஷினைத்தான் நிறுத்திப் பூட்டுப் போடுவோம். அடிபட்டவளை வீட்டுக்கு அனுப்பிட்டு மெஷினை ஓட்ட மாட்டோம். அவளை வராதேன்னு சொன்னா நானும் வர மாட்டேன், போலீசுக்குப் போறேன்னு அவ சொன்னா நானே கூட்டிட்டுப் போவேன்." ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள், ரகுவுக்கு இனி மேஜையும் கிடையாது, மைக்கும் கிடையாது, வட்டமும் கிடையாது என்று. கடைசியாக வரதன் சாரும் தூக்கினார். தூக்கிய கையை இறக்காமலே கேட்டார்: "ஹவ், கரெக்ட்தான் சார். ஆனா ஸ்பீக்கர் செட்டு அவன்துதானே, அதுக்கு என்ன பண்றது?"

முதல் புகார்

ஸ்பீக்கரை ரகு அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அது போகட்டும். அடுத்த ஞாயிறு பவானி வரவில்லை. தமிழ் வகுப்பு இல்லை என்று பிள்ளைகள் ஆட்டம் போட்டார்கள், தக்க நடவடிக்கை கேட்டவன் என்னிடம் வந்து கை குலுக்கிவிட்டுப் போனான். அப்பா என்ன சொன்னார், வேலை இருக்கிறதா, ஊருக்கே போய்விட்டாளா, எதுவும் தெரியவில்லை. போன் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. சாந்தியிடம் புலம்பினால், "அந்தப் பொண்ணு எப்படித் தவிச்சிருக்கும்னு இப்பத் தெரியுதா?" என்றாள்.

அதற்கடுத்த ஞாயிறு பவானி வந்தாள். குகட்பள்ளிப் பெண்கள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். நேராக வரதன் சாரிடம் போய், இனிமேல் புகார் பொறுப்பு தனக்கு வேண்டும் என்றாள். யார் சொன்னாலும் சொன்னவரைக் கேட்காமல் ஒரு அடிகூட எடுத்துவைப்பதில்லை என்றாள். ஒத்திகை சாயங்காலம் ஐந்துக்கே முடிய வேண்டும், யாரும் தனியாக யார் வண்டியிலும் போகக்கூடாது என்றாள். பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெண்கள் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னிடம் கையை நீட்டினாள். சட்டைக்குள்ளிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். அப்பாடா என்றிருந்தது. "முதல் புகார் ஏற்கெனவே வந்தாச்சு சார்" என்று பாதித் தாள் ஒன்றை நீட்டினாள். அவள் கையெழுத்து. புகார் யார் மீது என்ற இடத்தில் என் பெயர், முழு இனிஷியலோடு. நான் மேடையில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். பதறிப்போய்க் கையை ஆட்டினாள். "ஐயோ சார், அது இன்னொரு சுற்றறிக்கை. இங்கயே கேளுங்க, எங்கிட்ட மட்டும்."

கேட்டேன். தலையசைத்தாள். அப்புறம்தான் துணிந்து அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "அப்பா என்னம்மா சொன்னார்?" பவானி தமிழ் வகுப்புக் கரும்பலகையைத் துடைக்கப் போனவள் நின்றாள். "ரெண்டு நாள் பேசவே இல்ல சார். நான் பெட்டியக் கட்டிட்டேன். மூணாம் நாள் அவரே போன் போட்டார். ஓடுற வண்டியில கதவத் திறந்து இறங்கலியே, நின்னபிறகுதானே இறங்குனன்னு கேட்டார். ஆமான்னேன். வேலைக்கு ஒழுங்காப் போன்னுட்டார்." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "போன வைக்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேட்டார் சார், அந்த மெயிலப் போட்ட கிறுக்கன் யாருன்னு."

ஆக, என் சர்வீஸில் நானே உண்டாக்கிய ஒரே விபத்தில், அடிபட்டவளே எழுந்து வந்து எனக்கும் சேர்த்துக் கட்டுப்போட்டாள், அதற்கு நாலு பக்கப் படிவம் எதுவும் தேவைப்படவில்லை.